அப்படி ஓர் ஆள் இங்கே இல்லை

இசக்கிதுரையைப் பற்றி எழுத எனக்கு என்ன தகுதி என்று யாராவது கேட்டால், இருபத்தாறு வருஷம் அவனைச் சந்தேகப்பட்டவன் நான், அதற்கு மேல் என்ன தகுதி வேண்டும் என்று திருப்பிக் கேட்பேன். அவன் பெண்டாட்டி ஆவுடைத்தாய்கூட அவனை அவ்வளவு உற்றுப் பார்த்திருக்க மாட்டாள்.

என் பெயர் குத்தாலிங்கம். குற்றாலத்தில் ஐந்தருவிச் சாலையில் வடிவாம்பாள் லாட்ஜ் என்று பதினெட்டு அறைக் கட்டடம் ஒன்று இருக்கிறதே, அது என்னுடையது. வடிவாம்பாள் என் மனைவி. படிப்பு எனக்கு அஞ்சாம் வகுப்போடு சரி. பேரருவியில் குளிக்க வருகிறவர்களுக்கு எண்ணெய் தேய்த்துவிட்டுத்தான் இந்தக் கட்டடத்தை எழுப்பினேன். யாரும் ஒரு செங்கல் எடுத்துத் தரவில்லை. ஜட்ஜ் முதுகு, மில் முதலாளி முதுகு, போலீஸ் முதுகு எல்லாம் இந்தக் கையில் பட்டிருக்கிறது. நாலு இழுப்பு இழுத்தால் போதும், இவன் உழைக்கிறவனா ஏய்க்கிறவனா என்று சொல்லிவிடுவேன். எழுபத்துமூன்று வயதுக்குள் ஒரே ஒரு தடவைதான் ஆள் கணிப்பில் தப்பினேன். அதுவும் முதுகைப் பார்க்காமல் குரலை மட்டும் வைத்து முடிவு கட்டியதால் வந்த வினை. அந்த வினை இசக்கிதுரையின் தலையில் போய் விழுந்தது. அதனால்தான் அவனைப் பற்றி எழுதுகிறேன்.

இசக்கிதுரை கடையத்துக்காரன். நெல் விவசாயக் குடும்பம். நாலு அண்ணன் தம்பிக்குப் பிரித்த பிறகு வரப்பு மட்டும் மிஞ்சுகிற அளவு வயல். பத்தாம் வகுப்பு முடித்திருந்தான். லாட்ஜுக்கு மேனேஜர் வேண்டும் என்று நான் சொல்லி வைத்திருந்தபோது ஒரு தகரப் பெட்டியோடு வந்து நின்றான். ஒரு பேப்பரைக் கொடுத்து உன் பெயரை எழுது என்றேன். கல்வெட்டு மாதிரி எழுதினான். கையெழுத்து இவ்வளவு அழகாக இருக்கிறவன் கள்ளக் கையெழுத்தும் நன்றாகப் போடுவான் என்று அப்போதே எனக்குப் பட்டது. ஆனாலும் சேர்த்துக்கொண்டேன். சந்தேகத்தோடு சேர்த்துக்கொண்டால் பின்னால் ஏமாற வேண்டியதில்லை.

லாட்ஜ் தொழிலில் ரெஜிஸ்டர்தான் உயிர். பெயர், ஊர், வயது, கூட வந்தவர் என்ன உறவு, எதற்கு வந்தார், கையெழுத்து. என் சொந்தத் தம்பி துணி மாற்றச் சாவி கேட்டாலும் ரெஜிஸ்டரில் எழுதிவிட்டுத்தான் சாவி. இது நான் போட்ட சட்டம். இசக்கிதுரை ஒரு வரிகூட விட்டதில்லை.

அவன் வந்த இரண்டாம் வருஷம் ஒன்று நடந்தது. மதுரைப் பக்கத்திலிருந்து ஒரு பையனும் பெண்ணும் வந்து ஒன்பதாம் நம்பர் அறையில் தங்கினார்கள். கழுத்தில் புது மஞ்சள் கயிறு. மறுநாள் காலையில் லாட்ஜ் போன் அடித்தது. பேசியவன் அழுதிருக்கிறான். நான் அந்தப் பெண்ணின் அண்ணன், அம்மா ஆஸ்பத்திரியில் கிடக்கிறாள், தங்கச்சி உங்கள் லாட்ஜிலா இருக்கிறாள் என்று கேட்டிருக்கிறான். இசக்கிதுரை இரக்கப்பட்டு, ஆமா, ஒன்பதாம் நம்பர் என்று சொல்லிவிட்டான். சாயங்காலத்துக்குள் வேனில் எட்டுப் பேர் வந்து இறங்கினார்கள். பையனுக்கு முன்பல் போயிற்று. அந்தப் பெண்ணைத் தூக்கி வேனில் ஏற்றும்போது அவள் யாரையும் பார்க்கவில்லை, மேசைக்குப் பின்னால் நின்ற இசக்கிதுரையை மட்டும் பார்த்தாள். இவன் நாலு நாள் சோறு தின்னவில்லை.

அன்றைக்கு நான் இரண்டாவது சட்டம் போட்டேன். போனில் யார் யாரைக் கேட்டாலும், அப்படி ஓர் ஆள் இங்கே இல்லை என்று சொல்ல வேண்டும். ஆத்தா செத்துப்போனாள் என்றாலும், கலெக்டர் என்றாலும் அதே பதில்தான். பின்னால் எல்லார் கையிலும் செல்போன் வந்ததும் மூன்றாவது சட்டமும் சேர்ந்துகொண்டது. மேசையில் இருக்கும்போது சொந்தப் போனை அணைத்து டிராயரில் போட்டுவிட வேண்டும். இசக்கிதுரை இரண்டையும் ரெஜிஸ்டரின் உள் அட்டையில் எழுதி ஒட்டிக்கொண்டான். ரெஜிஸ்டர் தீர்ந்து புதிது வாங்கும்போதெல்லாம் அதையும் புதிதாக எழுதி ஒட்டுவான்.

நான் சும்மா விட்டேனா? சோதித்தேன். செங்கோட்டைக்குப் போய் அங்கிருந்து போன் போட்டுக் குரலை மாற்றிக் கேட்டிருக்கிறேன். மலையாளம் கலந்து கேட்டிருக்கிறேன். பெண் குரலில்கூட ஒரு தடவை. எல்லாவற்றுக்கும், "அப்படி யாரும் இங்கன இல்ல சார்" என்று ஒரே பதில். கடைசியில் ஒருநாள் என்னையே கேட்டேன்.

"முதலாளி குத்தாலிங்கம் இருக்காரா?"

"அப்படி யாரும் இங்கன இல்ல சார்."

"ஏலே, நாந்தாம்லே பேசுதேன்."

"யாரா இருந்தாலும் இல்ல சார்" என்று வைத்துவிட்டான். அன்றைக்கு எனக்குப் பாதி சந்தேகம் தீர்ந்தது. மீதிப் பாதி இருந்தது.

அவன் மேலகரத்தில் வாடகை வீட்டில் இருக்கிறான். ஒரே மகள், அபர்ணா. நர்ஸ் படிப்பு முடித்து மஸ்கட்டில் ஒரு ஆஸ்பத்திரிக்கு வேலைக்குப் போனாள். போன ரெண்டாம் வருஷம், அங்கேயே ஆம்புலன்ஸில் வேலை பார்க்கிற ஒருவனைக் கல்யாணம் பண்ணிக்கொண்டாள். எத்தியோப்பியா நாட்டுக்காரன். தாவித் தெஸ்ஃபாயே என்று பெயர். அவன் ஊருக்குப் போய்ப் பதிவு செய்துகொண்டு, போட்டோவை மட்டும் இங்கே அனுப்பினாள்.

இசக்கிதுரை போட்டோவை என்னிடம் காட்டினான். வெள்ளைத் துணி போர்த்திக்கொண்டு ஒல்லியாக, உயரமாக, கூச்சமாகச் சிரித்தபடி ஒருவன். பக்கத்தில் அபர்ணா.

"எப்படி இருக்காரு அண்ணாச்சி?"

"போட்டோவுல எல்லாவனும் நல்லாத்தாம்லே இருப்பான். நேர்ல பாத்தியா?"

"வீடியோவுல பேசுதாரு."

"வீடியோவுல இப்ப செத்தவனயே பேச வைக்கான்."

அவன் போட்டோவை வாங்கி டிராயரில் வைத்துக்கொண்டான். நான் கேட்டதில் தப்பில்லை என்றுதான் அப்போது நினைத்தேன். ஊரே அதைத்தான் கேட்டது. அதில் முதல் ஆள் ஆவுடைத்தாயின் அண்ணன் மந்திரமூர்த்தி. கடையத்தில் உரக்கடை வைத்திருக்கிறார். அபர்ணாவைத் தன் மகனுக்கு எடுக்க நினைத்து நடக்காமல் போன ஆள். அவர் கல்யாண வீடு, சடங்கு வீடு என்று போகிற இடமெல்லாம், மாப்பிள்ளை என்று ஒருத்தன் கிடையாது, அந்தப் பிள்ளை அங்கே எப்படி இருக்கிறாளோ, அதை மறைக்க எவன் கூடவோ நின்று போட்டோ எடுத்து அனுப்பியிருக்கிறாள் என்று சொல்லிக்கொண்டிருந்தார். ஆவுடைத்தாய் விசேஷ வீடுகளுக்குப் போவதையே நிறுத்திவிட்டாள். மகளைப் பார்த்து நாலு வருஷம் ஆகியிருந்தது. மகளோ, "வந்தா அவரோடதான் வருவேன். தனியா வந்து நின்னா மாமா சொன்னது நெசம்னு ஆயிரும்" என்று சொல்லிவிட்டாள்.

ஆக, தாவித் என்கிற ஆள் கடவுச்சீட்டில் நம் நாட்டு விசாவோடு வந்து மேலகரம் தெருவில் நிற்க வேண்டும். அது நடந்தால்தான் ஆவுடைத்தாய்க்கு மகள். இசக்கிதுரைக்கு வேறு எதுவும் வேண்டாம்.

போன வருஷம் ஆனி மாசம் விண்ணப்பம் போட்டார்கள். மேலகரத்தில் கம்ப்யூட்டர் சென்டர் வைத்திருக்கிற நூர்நிஷா இங்கே வேண்டிய காகிதத்தையெல்லாம் தயார் பண்ணினாள். கல்யாணப் பதிவுச் சான்று, இசக்கிதுரையின் ஆதார், மாமனார் மாமியார் அழைப்புக் கடிதம் என்று ஒரு கட்டு. இங்கே விசாரித்தால் யாரைக் கேட்பது என்று இரண்டு போன் நம்பர் கேட்டிருந்தார்கள். ஒன்று இசக்கிதுரையுடையது. இன்னொன்றுக்கு என்னிடம் வந்து நின்றான்.

"அண்ணாச்சி, நம்ம லாட்ஜ் நம்பரக் குடுக்கட்டுமா?"

"குடுலே. வடிவாம்பாள் லாட்ஜ்னு பாத்தா எவன் மறுகேள்வி கேப்பான்" என்றேன். சொன்னதோடு மறந்தும்போனேன். உண்மையைச் சொன்னால் எனக்கு இன்னொரு சந்தேகமும் இருந்தது. விசா என்று சொல்லி எவனோ ஒருவனை என் லாட்ஜ் பெயரில் உள்ளே கொண்டுவரப் பார்க்கிறார்களோ என்று. வெளிநாட்டு ஆள் தங்கினால் இருபத்துநாலு மணி நேரத்துக்குள் அவன் விவரத்தைக் கம்ப்யூட்டரில் ஏற்றி அரசாங்கத்துக்குத் தெரிவிக்க வேண்டும். தவறினால் முதலாளிதான் பதில் சொல்ல வேண்டும். மேனேஜர் பேரை யார் கேட்கப்போகிறார்கள்.

ஆடி மாசம் ஒரு வெள்ளிக்கிழமை. சாரல் நன்றாக விழுந்துகொண்டிருந்தது. பதினெட்டு அறையும் ஆள். இசக்கிதுரை சலவைக்குப் போட்ட விரிப்புகளை எடுக்கத் தென்காசிக்குப் போயிருந்தான். அவன் போன் டிராயரில் அணைந்து கிடந்தது. போகும்போது எடுத்துக்கொள்ள மறந்துவிட்டான். நான்தான் மேசையில் இருந்தேன். லாட்ஜ் போன் அடித்தது.

ஒரு பொம்பளை. இங்கிலீஷும் இந்தியும் கலந்து தண்ணீர் கொட்டுகிற மாதிரி பேசினாள். அதில் இசக்கிதுரை என்பது தெரிந்தது. பிறகு டேவிட்டோ என்னவோ ஒரு வெளிநாட்டுப் பெயர். தெரியுமா, தெரியுமா என்று கேட்கிறாள் என்பது புரிந்தது. அந்தச் சமயத்தில் பேப்பரைத் திறந்தால் இதே செய்திதான். உன் பெயரில் பார்சல் வந்திருக்கிறது, அதில் போதை மருந்து இருக்கிறது, நீ கைது என்று போனிலேயே மிரட்டிப் பறிக்கிறார்கள். தென்காசியில் ஒரு ரிட்டயர்டு வாத்தியார் மூன்று நாள் வீட்டைப் பூட்டிக்கொண்டு போன் முன்னாலேயே உட்கார்ந்திருந்தாராம். என்னிடமா அது நடக்கும்?

"நோ மேடம். இசக்கிதுரை நோ. டேவிட் நோ. அப்படி பெர்சன் ஹியர் நோ" என்றேன்.

அவள் இன்னொரு தடவை நிதானமாகக் கேட்டாள். நானும் நிதானமாக அதையே சொல்லி, "போலீஸ் கம்ப்ளைண்ட் கிவிங்" என்று சேர்த்து வைத்துவிட்டேன்.

அன்று சாயங்காலத்துக்குள் இதை எத்தனை பேரிடம் சொன்னேன் என்று எனக்கே தெரியாது. டீக்கடையில் சொன்னேன், பழக்கடையில் சொன்னேன். மேலகரம் பக்கம் போனபோது நூர்நிஷாவிடம் சொன்னேன். விரிப்பு மூட்டையோடு வந்து இறங்கிய இசக்கிதுரையிடமும் சொன்னேன்.

"ஒம் பேரச் சொல்லிக் கேக்கா. எங்கிட்டயாலே? அப்படி ஒருத்தனே இங்க கெடையாதுன்னுட்டேன்."

"வேற என்ன பேரு சொன்னா அண்ணாச்சி?"

"டேவிட்டோ என்னவோ. எவன் கண்டான்."

அவன் மூட்டையைத் தோளிலிருந்து இறக்கவில்லை.  மூட்டையோடே டிராயரைத் திறந்து தன் போனை எடுத்துப் பார்த்தான். சம்பளத்தைக் கூட்டிக் கேட்கப் போகிறான்போல, அதற்குத்தான் முகம் இப்படி இருக்கிறது என்று நினைத்தேன். என் புத்தி அப்படித்தான் ஓடும்.

ஆவணி பாதியில் விசா இல்லை என்று வந்துவிட்டது. காரணம் எழுதித் தருவதில்லையாம். தாவித் மஸ்கட்டில் நம் தூதரகக் கவுண்டரில் போய்க் கேட்டதற்கு, இந்தியாவில் நீங்கள் கொடுத்த ஒரு நம்பர் அணைந்திருந்தது, இன்னொன்றில் உங்களையும் தெரியாது, உங்கள் மாமனாரையும் தெரியாது என்று சொல்லிவிட்டார்கள் என்று ஒருவர் வாயால் சொன்னாராம். இதை இசக்கிதுரை என்னிடம் சொல்லும்போது ரெஜிஸ்டரில் எழுதிக்கொண்டே சொன்னான். தலையைத் தூக்கவில்லை.

 மந்திரமூர்த்தி வேலைதான் இது என்று அடித்துச் சொன்னேன். இல்லையென்றால் நூர்நிஷா நம்பரைத் தப்பாக அடித்திருப்பாள். வண்டியை எடுத்துக்கொண்டு நேரே அவள் சென்டருக்குப் போனேன்.

"ஏ பிள்ள, என்ன நம்பர அடிச்ச? அந்த மனுசன் நாலு வருசமா காத்துக் கெடக்கான்."

அவள் கம்ப்யூட்டரில் விண்ணப்பத்தைத் திறந்து திருப்பிக் காட்டினாள்.

"வாசிச்சுப் பாருங்க அண்ணாச்சி. இது ஒங்க லாட்ஜ் நம்பர்லா."

நம்பர் சரியாகத்தான் இருந்தது.

"அப்ப எவன் எடுத்துப் பேசினது?"

 ஒருவருக்கு ஆதார் நகல் எடுக்க வேண்டியிருந்தது, போய் எடுத்துக் கொடுத்துவிட்டு வந்தாள். நான் அங்கேயே நின்றேன்.

"நீங்க ஆடி மாசம் வந்து ஒரு கத சொன்னீங்கள்லா அண்ணாச்சி. ஒரு ஏமாத்துக்காரியக் கதறவிட்டேன்னு" என்றாள் கடைசியில். "எனக்கு அப்பவே ஒரு மாதிரி இருந்துச்சு. ஒங்ககிட்ட எப்படிச் சொல்ல?"

எனக்கு அங்கே உட்கார நாற்காலி தேவைப்பட்டது. கேட்கவில்லை. வெளியே வந்து வண்டியில் சாய்ந்து நின்றேன். என் கையால் எழுப்பின லாட்ஜ், நான் போட்ட சட்டம், நானே சொன்ன பதில். வேறு யார் மேலும் தூக்கிப் போட இடம் இல்லை. தேடிப் பார்த்தேன், இல்லை.

அங்கிருந்து நாலு வீடு தள்ளித்தான் இசக்கிதுரை வீடு. ஆவுடைத்தாயிடம் சொல்லிவிடலாம் என்று போனேன். என்னைப் பார்த்ததும் நாற்காலியைத் துடைத்துப் போட்டாள்.

"உக்காருங்க அண்ணாச்சி. மக வரலேன்னு கேட்டுட்டு வந்தீயளாக்கும்."

"ஆமா தாயி. அந்தப் போன் விசயம்…"

"இவுக சொன்னாவ. மழையில லாட்ஜ் போன் வயர் அறுந்து கெடந்துச்சாமே. நம்ம நேரம், அந்த நாளாப் பாத்துத்தான் அவுக கூப்பிடணுமா?"

காப்பி கொண்டுவந்து வைத்தாள். அதைக் குடித்தேன்.  ஆவுடைத்தாயிடம் இவ்வளவு நேர்த்தியாகப் பொய் சொல்லத் தெரிந்தவன் என்னிடம் எத்தனை சொல்லியிருப்பான் என்று ஒரு நினைப்பு அப்போதும் ஓடியது. அது என் பிறவிக் குணம். காப்பியைக் கீழே வைக்கும்போதுதான், அந்தப் பொய் எனக்காகச் சொன்னது என்று உறைத்தது.

மறுநாள் காலையில் மேசைக்கு எதிரே வாடிக்கையாளர் உட்காருகிற பெஞ்சில் போய் உட்கார்ந்தேன். இருபத்தாறு வருஷத்தில் நான் அங்கே உட்கார்ந்ததில்லை.

"ஏலே இசக்கி, ஒனக்கு எப்பத் தெரியும்?"

"என்னது அண்ணாச்சி?"

"நடிக்காதலே."

அவன் பேனாவை மூடி வைத்தான்.

"நீங்க டேவிட்டுன்னு சொன்னப்பவே திக்குன்னுச்சு. ஏமாத்துக்காரியாவே இருந்திரட்டும்னு இலஞ்சி முருகன வேண்டிக்கிட்டேன்."

"அப்பவே சொல்றதுக்கென்ன?"

"சொன்னா என்ன செய்வீய? வந்த நம்பருக்குத் திருப்பிப் பேச முடியாது. நீங்களும் சந்தோசமா இருந்தீய." ரெஜிஸ்டரை மூடிவிட்டு, "நான் மேசையில இருந்திருந்தா நான் என்ன சொல்லியிருப்பேன்னு யோசிச்சுப் பாத்தேன் அண்ணாச்சி. அதத்தான் சொல்லியிருப்பேன். வாயில அதுதான் வரும். மக பேரச் சொல்லிக் கேட்டாலும் அதுதான் வந்திருக்கும்" என்றான்.

நான் மன்னிப்புக் கேட்டேன் என்று எழுத ஆசைதான். கேட்கத் தெரியவில்லை. "கெளம்புலே, நூர்நிஷாகிட்டப் போவோம். இந்தத் தடவ நான் எழுதுதேன்" என்றேன்.

லாட்ஜ் படம் போட்ட லெட்டர்பேடில் கடிதம். நான் சொல்லச் சொல்ல நூர்நிஷா இங்கிலீஷில் அடித்தாள். நான் எண்ணெய் தேய்த்த காலம், கட்டடம் எழுப்பிய வருஷம், லாட்ஜ் ஓனர் சங்கத்தில் இரண்டு தடவை பொருளாளராக இருந்தது எல்லாம் சொன்னேன். அவள் விரலை நிறுத்திவிட்டாள்.

"அண்ணாச்சி, விசா அவருக்கா, ஒங்களுக்கா?"

"ஆளு யாருன்னு தெரிய வேண்டாமா?"

"நாலு வரி போதும் அண்ணாச்சி. போன தடவ இல்லைன்னு சொன்னது தப்புன்னு ஒரு வரி. அதுதான் முக்கியம்."

இசக்கிதுரை ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டான். அந்த வரியைச் சொன்னேன். இந்த லாட்ஜ் முதலாளியாகிய நானே போனில் தவறான தகவல் சொன்னேன், அதற்கு நானே பொறுப்பு. அடித்து முடித்ததும் வாசித்துக் காட்டச் சொல்லி, தமிழில் கையெழுத்துப் போட்டேன். அதையும் விண்ணப்பத்தோடு சேர்த்து ஐப்பசியில் மறுபடி போட்டார்கள்.

அதற்குப் பிறகு மேசையில் நான்தான். வேறு யாரையும் போனைத் தொடவிடவில்லை. நூர்நிஷா இங்கிலீஷ் பதிலைத் தமிழ் எழுத்தில் ஓர் அட்டையில் எழுதிக் கொடுத்திருந்தாள். அதைப் போன் பக்கத்தில் ஒட்டினேன். இசக்கிதுரையின் போனையும் டிராயரிலிருந்து எடுத்து, சத்தம் முழுசாக வைத்து மேசை மேலேயே போடச் சொன்னேன். மூன்றாவது சட்டம் அன்றோடு முடிந்தது.

முதல் நாள் ஒரு பெண் கூப்பிட்டாள். "எஸ் மேடம். ஐ நோ ஹிம். ஹி இஸ் அவர் மேனேஜர்ஸ் சன் இன் லா" என்று முழுசும் வாசித்தேன். அவள் கடன் அட்டை விற்கிறவள். விடாமல், உங்கள் மருமகனுக்கும் ஒன்று வேண்டுமா என்று கேட்டாள். பக்கத்தில் நின்ற இசக்கிதுரை ஆடி மாசத்துக்குப் பிறகு அன்றைக்குத்தான் சிரித்தான்.

பதினோராம் நாள் ஓர் ஆள் கூப்பிட்டார். நல்ல தமிழ். விசா விஷயமாகப் பேசுகிறேன் என்றார். எனக்கு உடனே சந்தேகம். இவ்வளவு நல்ல தமிழ் எப்படி?

"நீங்க அந்த ஆபீஸ்தான்னு நான் எப்படி நம்ப?"

இசக்கிதுரை என் கையைப் பிடித்துவிட்டான். அவன் என்னைத் தொட்டது அதுதான் முதல் தடவை.  போனில் அந்த ஆள் விண்ணப்ப எண்ணையும் என் கடிதத்தில் இருந்த அந்த ஒரு வரியையும் வாசித்தார்.

"இத எழுதினது நீங்கதானே?"

"நாந்தான்."

"தாவித் தெஸ்ஃபாயே என்பவரை உங்களுக்குத் தெரியுமா? நேரில் பார்த்திருக்கிறீர்களா?"

அட்டையில் எழுதியிருந்தது ஐ நோ ஹிம் என்று. ஆனால் கேள்வி தமிழில் வந்துவிட்டதே. பார்த்தேன் என்று சொன்னால் பொய். பார்க்கவில்லை என்றால் மறுபடியும் போயிற்று. இசக்கிதுரையின் விரல் என் மணிக்கட்டில் இறுகியிருந்தது.

"அவர நேர்ல பாத்ததில்ல சார். அவரு மாமனாரப் பாத்திருக்கேன். இருபத்தாறு வருசமாப் பாத்துக்கிட்டே இருக்கேன். சந்தேகப்பட்டுப் பட்டுப் பாத்திருக்கேன், ஒண்ணும் சிக்கல. அந்த ஆளு மாப்பிள்ளைன்னு சொன்னா மாப்பிள்ளைதான். நீங்க எழுதிக்கிடலாம்."

சரி என்று சொல்லி வைத்துவிட்டார். நான் கெடுத்துவிட்டேன் என்றே நினைத்தேன். இசக்கிதுரையும் அப்படித்தான் நினைத்திருப்பான், ஆனால் சொல்லவில்லை. கார்த்திகை கடைசியில் விசா வந்தது.

மார்கழியில் திருவனந்தபுரத்தில் விமானம் இறங்கி, செங்கோட்டை வழியாகக் காரில் வந்தார்கள். மேலகரத்தில் ஆவுடைத்தாய் ஆரத்தி எடுத்தபோது நான் போகவில்லை. குடும்ப விசேஷத்தில் நமக்கென்ன. அதற்கு மறுநாள் அருவியில் குளிக்கக் கூட்டிக்கொண்டு, துணி மாற்ற லாட்ஜுக்கு வந்தார்கள். அபர்ணா, "பெரியப்பா" என்று காலைத் தொட்டுக் கும்பிட்டாள். லாட்ஜ் முழுக்க அய்யப்ப பக்தர்களின் கறுப்பு வேட்டி காய்ந்துகொண்டிருந்தது. அதற்கு நடுவே அந்த ஆள் தலை குனிந்து வாசல் நிலையைத் தாண்டி உள்ளே வந்தான். போட்டோவில் இருந்ததைவிட உயரம்.

பாஸ்போர்ட்டை வாங்கி முகத்தோடு வைத்து இரண்டு தடவை பார்த்தேன். ரெஜிஸ்டரில் இசக்கிதுரையே எழுதினான். எதற்கு வந்தார் என்கிற இடத்தில் இருபத்தாறு வருஷமாக எல்லாருக்கும் அருவிக் குளியல் என்று எழுதியவன், மாமனார் வீடு என்று எழுதினான். தாவித் தன் நாட்டு எழுத்தில் கையெழுத்துப் போட்டான். ஒன்பதாம் நம்பர் சாவியை எடுத்து நானே கொடுத்தேன்.

பாஸ்போர்ட், விசா, கையெழுத்து எல்லாம் இருந்தும் எனக்கு மனசு ஒப்பவில்லை. வேட்டி கட்டிக்கொண்டு கீழே வந்தவனை வராந்தாவில் பலகையில் உட்காரச் சொல்லி, எண்ணெய்க் கிண்ணத்தை எடுத்தேன். நாற்பது வருஷம் கழித்து ஒருத்தன் முதுகில் கை வைக்கிறேன். இசக்கிதுரை பதறிப்போய், "நீங்களா அண்ணாச்சி, வேண்டாம்" என்று எழுந்துவந்தான். "போலே, இது சோதன" என்றேன்.

வலது தோள் இடது தோளைவிட இறுகிக் கிடந்தது. கழுத்துக்குக் கீழே இரண்டு பக்கமும் முடிச்சு முடிச்சாகப் பிடிப்பு. படியில் இறக்கி ஏற்றி ஆள் தூக்குகிறவன் முதுகு. நாலு இழுப்பு போதுமென்றுதான் ஆரம்பித்தேன், அந்தப் பிடிப்பு இளகுகிற வரைக்கும் தேய்த்தேன். அவன் அவன் பாஷையில் ஏதோ சொன்னான். "நல்லா இருக்குங்காரு பெரியப்பா" என்றாள் அபர்ணா.

அப்போது லாட்ஜ் போன் அடித்தது. என் இரண்டு கையும் எண்ணெய். இசக்கிதுரை எடுத்தான். மேசைக்கும் வராந்தாவுக்கும் நடுவே ஜன்னல்தான், மந்திரமூர்த்தியின் குரல் எனக்கே கேட்டது.

"என்ன மாப்ள, ஆளு வந்திருக்கானாமே? நெசமான ஆளா, வாடகைக்கு எடுத்தியா? லாட்ஜ்லதான் இருக்கான்னாவ."

"அப்படி யாரும்" என்று ஆரம்பித்துவிட்டான் இசக்கிதுரை.  ரெஜிஸ்டர் அவன் முன்னால் திறந்து கிடந்தது. ஜன்னல் வழியாக என்னைப் பார்த்தான். அந்த வேன் வந்த சாயங்காலம் அவன் முகம் இருந்ததே, அதே முகம்.

"சொல்லுலே" என்றேன்.

அவன் போனை இந்தக் காதிலிருந்து அந்தக் காதுக்கு மாற்றினான்.

"ஆமா அத்தான். எங்க மாப்பிள்ள வந்திருக்காரு. இங்கனதான், ஒம்பதாம் நம்பர் ரூம்ல இருக்காரு. வந்து பாருங்க."

போனை வைத்த பிறகும் அவன் கை அதன் மேலேயே இருந்தது. நான் கிண்ணத்தைக் கீழே வைத்து, கையைத் துடைத்துக்கொண்டு, ஒரு நாற்காலியை இழுத்து லாட்ஜ் வாசலில் போட்டு உட்கார்ந்தேன். மந்திரமூர்த்தி தனியாக வருகிறாரா, வேன் வைத்து வருகிறாரா என்று பார்க்க வேண்டும் அல்லவா.